ரோபோவுக்குக் குழந்தைதான் வாத்தியார்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ வைத்துச் சொல்லிக் கொடுப்பது பற்றி மயிலாப்பூர், தி. நகர், அடையாறு சுற்றுவட்டாரத்து வாசகர்கள் கேட்டவை.

ஒரு தாய், மந்தைவெளி
என் மகன் ஒன்றாம் வகுப்பு. தெருவுக்குத் தெரு ‘ரோபோட்டிக்ஸ் கிளாஸ்’ போர்டு தொங்குகிறது. சேர்க்கலாமா, வேண்டாமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

டெமோ கிளாஸில் ரோபோ தப்பாகப் போகும்போது முதலில் யார் கை அதன் மேல் போகிறது என்று பாருங்கள். மிஸ்ஸின் கை என்றால் வேண்டாம், உங்கள் மகன் கை என்றால் தாராளமாகச் சேருங்கள்.

ஒரு தந்தை, தி. நகர்
‘கணினிச் சிந்தனை’ என்று பள்ளியில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அப்படி என்றால் என்ன? கோடிங்குக்கு இன்னொரு பெயரா?

இல்லை. பெரிய வேலையைச் சின்ன வேலைகளாகப் பிரிப்பது, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்வது, இப்போதைக்குத் தேவையில்லாததை ஒதுக்கி வைப்பது, இன்னொருவர் பிசகாமல் செய்யும்படி வரிசையாகச் சொல்வது, சொன்னதில் எங்கே தப்பு என்று தேடிப் பிடிப்பது. இவ்வளவும் சேர்ந்ததுதான் அது. 2006-ல் ஜெனட் விங் என்ற அமெரிக்கக் கணினிப் பேராசிரியர் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் உலகமெங்கும் பள்ளிக்கூடங்களுக்குள் வந்தது. கோடிங் அதைப் பழகுவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பள்ளி வராந்தாவில் சுண்ணக்கட்டியால் கபாலி கோயில் மாட வீதிகளைக் கட்டம் கட்டமாக வரைந்தோம். கிழக்கும் மேற்கும் மூன்று கட்ட நீளம், தெற்கும் வடக்கும் ஐந்து. கையில் தேனீ வடிவத்தில் ஒரு சின்ன ரோபோ. பிரிட்டனில் தொடக்கப் பள்ளிகளுக்கென்றே செய்த ‘பீ-பாட்’. முதுகில் நாலு அம்புக்குறிப் பொத்தான், அதோடு ‘போ’, ‘கொஞ்சம் நில்’, ‘எல்லாம் அழி’ என்று மூன்று. ஒரு அமுக்குக்குப் பதினைந்து சென்டிமீட்டர் நகரும். அதுதான் எங்கள் தேர். வடகிழக்கு முனையில் தெற்கே பார்த்து நிறுத்தி, நாலு வீதியும் வலம் வந்து நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றோம். மூன்று தடவை முன்னே, வலம், ஐந்து தடவை முன்னே, வலம் என்று மொத்தம் 20 அமுக்கு. பிள்ளைகள் எண்ணிக்கையைத் தவறவிட்டார்கள். தேர் ஒருமுறை குளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. அப்போது ஒரு பெண் குழந்தை, “மிஸ், பாதி சொன்னா போதும், மீதி அதேதான்” என்றாள். மூன்று, வலம், ஐந்து, வலம், இதையே இரண்டு தடவை. கணினிக்காரர்கள் ‘லூப்’ என்று சொல்வதை அவள் பெயர் தெரியாமலே பிடித்துவிட்டாள். பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆசிரியை, அடையாறு
வலது பொத்தானை அமுக்கினால் ரோபோ வலப்பக்கக் கட்டத்துக்குப் போய்விடும் என்றே எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். அது நின்ற இடத்திலேயே திரும்பியதும் முகம் வாடிவிடுகிறது. எப்படிப் புரிய வைப்பது?

விளக்க வேண்டாம் டீச்சர், எழுப்பி நிறுத்துங்கள். குழந்தையே ரோபோவாகட்டும். “வலது திரும்பு” என்றதும் உடம்பு திரும்பும், கால் நகராது. “முன்னே போ” என்றால்தான் நகரும். இரண்டும் வேறு வேறு கட்டளை என்பது காலுக்குத் தெரிந்துவிட்டால் மூளைக்கும் தெரிந்துவிடும். ரோபோ நம்மைப் பார்த்து வரும்போது அதன் வலது நமக்கு இடது. அந்தக் குழப்பத்துக்கும் இதே மருந்துதான்: ரோபோவுக்குப் பின்னால் போய், அது பார்க்கும் பக்கமே பார்த்து நிற்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘எல்லாம் அழி’ பொத்தானை மறந்துவிட்டுப் புதுக் கட்டளை கொடுத்தால், பீ-பாட் பழையதையும் செய்துவிட்டுத்தான் புதியதைத் தொடங்கும். பிள்ளைகள் “பேய் புகுந்துடுச்சு!” என்று அலறுவார்கள். அவசரப்பட்டு ரகசியத்தை உடைத்துவிடாதீர்கள். “முதல்ல அது எங்கே போச்சு? அந்த வழியை எங்கேயாவது பார்த்த ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேளுங்கள். போன தடவை தாங்கள் கொடுத்த வழிதான் அது என்று ஒரு குழந்தை கண்டுபிடிக்கும் நிமிஷத்துக்காகவே இந்த ரோபோவை வாங்கலாம்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நந்தனம்
எங்கள் காலத்தில் கம்ப்யூட்டரே கிடையாது. இதெல்லாம் யார் ஆரம்பித்தது?

நீங்கள் பள்ளியில் படித்தபோதே ஆரம்பித்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதக்காரர் சீமோர் பாப்பர்ட், குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயிடம் இருந்து கற்றுக்கொண்டு அமெரிக்கா போனார். 1967-ல் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து குழந்தைகளுக்கென்று ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார். கொஞ்ச காலத்தில் அந்த மொழிக்குக் கீழ்ப்படியும் ஆமை ரோபோ ஒன்று தரையில் ஊர்ந்து கோடு போட்டது. 1980-ல் வந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் அவர் வைத்த வாதம் இன்றைக்கும் கூர்மையாக இருக்கிறது. கம்ப்யூட்டர் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதல்ல, குழந்தை கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் கல்வி என்றார். லெகோ நிறுவனம் 1998-ல் தன் ரோபோப் பெட்டிக்கு அந்தப் புத்தகத்தின் பெயரையே வைத்தது.

இன்று நம் ஊரில் விற்கும் பல ‘கல்வி ரோபோ’க்கள் குழந்தையிடம் கேள்வி கேட்டு, சரியான பதிலுக்குக் கை தட்டுகின்றன. பாப்பர்ட் சொன்னதற்கு நேர் எதிர். அதை வாங்காதீர்கள் சார், பேரனுக்கும் வேண்டாம்.

ஒரு பாட்டி, மயிலாப்பூர்
எனக்கு கம்ப்யூட்டர் தொடவே தெரியாது. இரண்டாம் வகுப்புப் பேத்திக்கு நான் இதில் ஏதாவது சொல்லிக் கொடுக்க முடியுமா?

மாமி, உங்களுக்குக் கோலம் போடத் தெரியுமா? தெரியும் என்றால் இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்களை எல்லாம்விட உங்களுக்கு அதிகம் தெரியும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1974-ல் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், பின்னாளில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் கணினித் துறைப் பேராசிரியராக இருந்த கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலத்தைப் பற்றி ஒரு சர்வதேச கணினி ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள். சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் எந்த விதிப்படி வளர்கிறது, அந்த விதியைக் கணினிக்குப் புரியும் இலக்கணமாக எழுத முடியுமா என்பது அவர்கள் கேள்வி. முடியும் என்று காட்டினார்கள். அப்புறம் மேல்நாட்டு ஆய்வாளர்கள், பாப்பர்ட்டின் அந்த ஆமையையே திரையில் ஓடவிட்டுக் கம்பிக் கோலம் போட்டுக் காட்டினார்கள். ‘முன்னே போ, வளை, முன்னே போ, இந்தப் பக்கம் வளை’ என்ற கட்டளை வரிசையாகவே கோலத்தைப் பார்த்தார்கள். ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டிக்கு உட்காரும் பெண்கள் கையில் ஓடுவதும் அதுதான்.

பேத்தியிடம் இப்படிச் செய்து பாருங்கள். தரையில் மூன்றுக்கு மூன்று புள்ளி வையுங்கள். நீங்கள் ஒரு சின்னச் சிக்குக் கோலத்தைத் தாளில் போட்டு அவளிடம் கொடுங்கள். அவள் தாளைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். கையால் காட்டக் கூடாது, “அப்படி இல்லை பாட்டி” என்று பொத்தாம் பொதுவாகவும் சொல்லக் கூடாது. முதலில் “வளைச்சுப் போடு” என்பாள். “எந்தப் பக்கம் வளைக்கணும்? எந்தப் புள்ளியைச் சுத்தி?” என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கோலம் என்பதால் கை தானாகச் சரியாகப் போகப் பார்க்கும். அங்கேதான் கவனம் வேண்டும். அவள் தப்பாகச் சொன்னால் தப்பாகவே போடுங்கள். கோலம் கோணியதும் அவளே “இங்கேதான் நான் தப்பாச் சொன்னேன்” என்று ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுவாள். அடுத்த நாள் ஐந்துக்கு ஐந்து புள்ளி. அதற்குள் அந்தச் சின்னக் கோலம் எத்தனை தடவை ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.

ஒரு தாய், மயிலாப்பூர்
பெண் குழந்தைக்கு எதற்கு ரோபோ, பாட்டு கிளாஸ் போதும் என்கிறார் மாமியார்.

பாட்டு கிளாஸும் இருக்கட்டும், ரோபோவும் இருக்கட்டும். லோகோவை உருவாக்கியவர்களில் சிந்தியா சாலமன் பெண். கோலத்தைக் கணினி இலக்கணமாக்கியவர்களில் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாத வயதுக் குழந்தைகள்கூட ஆமை ரோபோவை இயக்கலாம் என்று 1970களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொத்தான் பெட்டியும் அட்டை செருகும் பெட்டியும் செய்து காட்டியவர் ரேடியா பெர்ல்மன். இன்றைய கணினி வலையமைப்புகளுக்கு அடிப்படையான ஒரு விதிமுறையை எழுதியவரும் அவரே. மாமியாருக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் வகுப்பிலும் ஒரு விஷயம் நடக்கிறது. ஐந்து பேர் குழுவில் பையன்கள் ரோபோவைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் குழந்தை நோட்டில் எழுதும் வேலைக்குத் தள்ளப்படுவாள். அவள் கையெழுத்து அழகாக இருப்பதுதான் காரணம் என்பார்கள். டீச்சர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் வேலையை மாற்றியே ஆக வேண்டும். தானாக மாறாது.

ஒரு தந்தை, கோட்டூர்புரம்
இதைப் படித்தால் கணக்கில் மார்க் ஏறுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

தானாக ஏறாது. ரோபோ வாங்கி வைத்தால் புத்தி கூர்மையாகும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் படிக்க வேண்டிய ஆய்வுகள் இருக்கின்றன. நியூயார்க்கில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற இருவர், லோகோ படித்த பிள்ளைகள் மற்ற வேலைகளையும் நன்றாகத் திட்டமிடுகிறார்களா என்று 1980களின் தொடக்கத்திலேயே சோதித்தார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்கவில்லை. 2017-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, பள்ளி முடிந்த பிறகு நடக்கும் கோட் கிளப்புகளை எடுத்துக்கொண்டது. சேர்ந்த பிள்ளைகள் கோடிங் கற்றுக்கொண்டார்கள். கணினிச் சிந்தனையில் மட்டும் சேராதவர்களைவிட முன்னேறவில்லை.

அதற்காகக் கையை விரித்துவிட வேண்டாம். 1988-ல் டேவிட் கிளார், ஷரன் கார்வர் இருவரும் வேறு மாதிரி செய்தார்கள். தப்பைத் தேடுவது எப்படி என்பதையே லோகோ வகுப்பில் தனியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, வித்தியாசம் எங்கே தொடங்கியது, அதை எந்தக் கட்டளை செய்திருக்கும் என்ற வரிசை. அந்தப் பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலும், வழி சொல்லும் குறிப்பில் இருந்த தப்பைக்கூட முன்னைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே மார்க்கைக் கேட்காதீர்கள் சார். ‘தப்பு வந்தால் என்ன செய்வது என்று என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுக்காத வகுப்புக்குக் கட்டும் பணம் பொம்மைக்குக் கட்டும் பணம்.

ஒரு தாய், பெசன்ட் நகர்
ரோபோ தப்பாகப் போனால் என் மகள் அழுகிறாள்.

பரீட்சைத் தாளில் தப்புக்குச் சிவப்பு மை என்று பழகியிருக்கிறாள் போலிருக்கிறது. “ஐயோ தப்பு” என்ற பேச்சை வீட்டில் விட்டுவிடுங்கள். ரோபோ நின்ற இடத்தில் ஒரு சுண்ணக்கட்டிக் குறி போடச் சொல்லுங்கள். அவள் நினைத்த இடத்தில் இன்னொரு குறி. இப்போது அழுவதற்கு ஒன்றுமில்லை, இரண்டு குறிக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணும் வேலை இருக்கிறது. ஓடவிடும் முன்பே “எங்கே போய் நிற்கும்?” என்று சொல்ல வைப்பது முக்கியம். முன்கூட்டிச் சொல்லாமல் பொத்தானை அமுக்கும் குழந்தை, ரோபோவை வேடிக்கைதான் பார்க்கிறது.

ஒரு தந்தை, தி. நகர்
ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி ஐந்தாம் வகுப்பு மகனோடு ஒரு ரோபோ கார் செய்தோம். நேராகப் போகச் சொன்னால் இடது பக்கமே இழுக்கிறது. கோடில் தப்பே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை. அந்த மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார்கள் விலை மலிவானவை, இரண்டு ஒரே வேகத்தில் சுற்றுவது அபூர்வம். இடது சக்கரம் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் வண்டி இடது பக்கம் இழுக்கும்.

இதை நீங்கள் சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள், அருமையான வாய்ப்பு கைநழுவிப் போகும். ஒரு மீட்டர் நீளத்துக்குத் தரையில் நேர்கோடு போட்டு, கடைசியில் வண்டி கோட்டைவிட்டு எத்தனை சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று மகனை அளக்கச் சொல்லுங்கள். ஐந்து ஓட்டம், ஐந்து அளவு. அப்புறம் சக்கரங்களை அப்படியே விட்டுவிட்டு இரண்டு மோட்டார்களை மட்டும் இடம் மாற்றுங்கள். இப்போது வலது பக்கம் இழுத்தால் குற்றவாளி மோட்டார். அப்போதும் இடது பக்கமே இழுத்தால் மோட்டாரை விட்டுவிட்டு இடது சக்கரம், ஒயர், மோட்டார் டிரைவர் போர்டு என்று தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதைப் பையன் இங்கே கற்றுக்கொள்வான். மோட்டார்தான் என்று தெரிந்தால், வேகமாகச் சுற்றுவதன் வேகத்தைக் கோடில் கொஞ்சம் குறைக்கலாம். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு அவன் எழுதி வைத்த சென்டிமீட்டர் கணக்கு உதவும். பேட்டரி இறங்கிவிட்டால் கணக்கெல்லாம் மாறிவிடும். அதை அவனே கண்டுபிடிக்கட்டும், மூச்சு விடாதீர்கள்.

ஆசிரியை, மாநகராட்சித் தொடக்கப் பள்ளி
எங்கள் பள்ளியில் ரோபோவும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. தனியார் பள்ளிப் பிள்ளைகள் எங்கேயோ போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது டீச்சர். பணம் கட்டுகிறவர் பிள்ளைக்கு மட்டும் ரோபோ என்பது சரியல்ல, அதை அரசுதான் தீர்க்க வேண்டும். கேரளத்தில் அரசின் ‘கைட்’ அமைப்பு 29,000 ரோபோப் பெட்டிகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்து, 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்கு ரோபோட்டிக்ஸைக் கட்டாயப் பாடமாக்கியது. இங்கேயும் தொடக்கப் பள்ளிக்குப் பள்ளி நாலு ரோபோ என்று கேட்பது பேராசை இல்லை.

ஆனால் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதைச் சொல்கிறேன். 2003-ல் ஆணையர் எம்.பி. விஜயகுமார் காலத்தில், ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து, சென்னையில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்புறம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. சுவரில் கற்றல் ஏணி, தட்டில் அட்டைகள், அட்டையில் படக்குறி. குழந்தை தானே போய் ஏணியில் தன் படியைப் பார்த்து, அடுத்த அட்டையை எடுத்து, அந்தக் குறி சொல்லும் வேலையைச் செய்யும். ‘இப்போது எங்கே இருக்கிறேன், அடுத்து எது, முடித்தேனா, இல்லையென்றால் திரும்பு’ என்று ஏழு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே நடத்திக்கொண்ட வகுப்பு அது. மூத்த ஆசிரியைகளைக் கேளுங்கள், அட்டைகள் அலமாரியில் இன்னும் இருக்கலாம்.

அடுத்து உங்கள் கணிதப் புத்தகத்தைத் திறங்கள். ‘தகவல் செயலாக்கம்’ என்று ஓர் இயல் இருக்கிறது. தொடக்க வகுப்பிலேயே வரிசைப்படுத்துவது, பட்டியலிடுவது, ஒழுங்கைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதில் வருகின்றன. பரீட்சைக்கு மார்க் குறைவு என்று பலர் தாண்டிப் போகும் இயல். தயவுசெய்து தாண்டாதீர்கள். கம்ப்யூட்டர் இல்லாமலே கணினிச் சிந்தனை சொல்லிக் கொடுக்கும் முயற்சி உலகத்துக்குப் புதிதல்ல. நியூசிலாந்தில் டிம் பெல் குழுவினர் 1990களிலேயே தொடங்கினார்கள். இந்தியாவில் ஏ.சி.எம். இந்தியா அமைப்பு 2016 முதல் ‘சி.எஸ். பாடசாலா’ என்ற பெயரில் பள்ளிகளுக்குச் செய்து வருகிறது.

வராந்தாவில் பாண்டிக் கட்டம் கிறுக்கியிருப்பார்கள் பிள்ளைகள். அதையே பெரிதாக்கி எட்டுக்கு எட்டு கட்டமாக்குங்கள். ஐந்து பேர் ஒரு குழு. ஒருவர் ரோபோ, ஒருவர் அம்புக்குறி அட்டைகளை வரிசையாக அடுக்குபவர், ஒருவர் அட்டையை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பவர், ஒருவர் எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்பவர், ஒருவர் தப்பைத் துப்பறிபவர். ரோபோவாக இருக்கும் குழந்தை புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளக் கூடாது. தூண் குறுக்கே வந்தாலும் “முன்னே போ” என்றால் தூணில் மோதிக்கொண்டுதான் நிற்க வேண்டும். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து உருளுவார்கள், கட்டளை துல்லியமாகிக்கொண்டே வரும்.

ஐ.டி. ஊழியர், இந்திரா நகர்
ஏ.ஐ.யே கோட் எழுதுகிறது. இனிமேல் இதெல்லாம் எதற்கு?

ஏ.ஐ. எழுதியது சரியா என்று பார்ப்பது யார் வேலை? உங்கள் ஆபீஸில் தினமும் நீங்கள் செய்வதுதானே அது.

ஒரு தாய், ராஜா அண்ணாமலைபுரம்
சி.பி.எஸ்.இ.யில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஏ.ஐ. வரப்போகிறதாமே? இப்போதே டியூஷன் வைத்துவிடலாமா?

2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதல் ஏ.ஐ.யும் கணினிச் சிந்தனையும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. பாடத்திட்டம் வகுக்க சி.பி.எஸ்.இ. அமைத்த நிபுணர் குழுவுக்குத் தலைவர் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸின் பேராசிரியர் கார்த்திக் ராமன். கணினிச் சிந்தனையை அடித்தள வகுப்புகளிலிருந்தே புதிர், விளையாட்டு வழியாக வளர்க்க வேண்டும், கோடிங் நடுநிலை வகுப்புகளில் வரட்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற விஷயங்களோடு எனக்குச் சண்டை உண்டு, இந்த வரிசை சரி. மூன்றாம் வகுப்புக்கு டியூஷன் வைக்கிற பணத்தில் குழந்தைக்கு ஒரு சதுரங்கப் பலகையும் ஆடுபுலி ஆட்டமும் வாங்கி, கூட உட்கார்ந்து ஆடுங்கள்.

ஒரு தந்தை, அபிராமபுரம்
இரண்டாம் வகுப்பு மகளை உலக ரோபோ ஒலிம்பியாடுக்குத் தயார் செய்கிறோம் என்கிறது ஒரு சென்டர்.

அதன் முக்கியப் பிரிவில் ஆகக் குறைந்த வயதுக் குழுவே எட்டு வயதிலிருந்துதான். அவசரம் குழந்தைக்கு இல்லை.

ஆசிரியை, சைதாப்பேட்டை
கட்டளைகளைத் தமிழில் சொல்லிக் கொடுத்தால் பின்னால் கஷ்டப்படுவார்களா?

அம்புக்குறிக்கு மொழி கிடையாது, தப்பைப் பற்றிப் பேசத்தான் மொழி வேண்டும். அந்தப் பேச்சு எந்த மொழியில் தடையில்லாமல் வருகிறதோ அதில் நடக்கட்டும். ஒரே வகுப்பில் இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறேன். “எக்ஸ்ப்ளெய்ன் யுவர் எரர்” என்றதும் ஒரு பையன் விறைப்பாக எழுந்து நின்று “ராங், மிஸ்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அரை மணி கழித்து அதே பையன் பக்கத்துப் பையனிடம், “டேய், அது திரும்புச்சு, ஆனா நகரல. நீ ‘முன்னே’ போடாம விட்டுட்ட. அதான் அடுத்த ‘முன்னே’க்குப் பிள்ளையார் கோயிலுக்கு பதிலா குளத்துக்குப் போயிடுச்சு” என்று மூச்சுவிடாமல் விளக்கினான். நடந்தது, காரணம், விளைவு மூன்றையும் சொல்லிவிட்டான். பின்னால் ஆங்கிலத்தில் நாலு சொல் கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரு வாரம் போதும்.

ஒரு தாய், ஆழ்வார்பேட்டை
சிங்கப்பூரில் அக்கா பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்களாம். நாம் பின்தங்கிவிட்டோமா?

சிங்கப்பூரில் 2020 முதல் தொடக்கப் பள்ளி மேல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் கட்டாயமாக நடக்கும் ‘கோட் ஃபார் ஃபன்’ மொத்தமே 10 மணி நேரம். அதற்கு முன் 2015-ல் அவர்கள் மழலையர் பள்ளிகளுக்கு பீ-பாட், மரக்கட்டைகளை அடுக்கி இயக்கும் கிபோ போன்ற திரையில்லாப் பொம்மைகளைக் கொடுத்தார்கள். 10 மணி நேரம் நமக்கும் எட்டாத தூரம் இல்லை. அவர்கள் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தார்கள் என்பதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், அடையாறு
எங்கள் பிளாட்டில் இருபது குழந்தைகள். ஆளுக்கொரு கிட் வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை.

ஆளுக்கொன்று வாங்கினால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோருக்கும் பொதுவில் இரண்டு வாங்குங்கள், சண்டை வரும், அந்தச் சண்டையில்தான் “நீ சொன்னது தப்பு, ஏன்னா...” என்ற பேச்சு பிறக்கும். வாட்ச்மேன் பிள்ளையும் வீட்டு வேலை செய்பவர் பிள்ளையும் அந்த இருபதில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இருபது தப்பான எண்ணிக்கை.

நாலாம் வகுப்பு மாணவி, மயிலாப்பூர்
ரோபோ எனக்கு ஹோம்வொர்க் பண்ணித் தருமா ஆன்ட்டி?

தரும் கண்ணு. ஆனால் அதுக்கு ஒண்ணுமே தெரியாது, நீதான் சொல்லிக் கொடுக்கணும். முதல்ல ஒரே ஒரு கழித்தல்: 347-லிருந்து 169. ஒன்றாம் இடத்தில் ஏழிலிருந்து ஒன்பது போகாது. அப்போ என்ன செய்யணும், யார்கிட்டே கடன் வாங்கணும், வாங்கின பிறகு எந்த எண்ணை அடிச்சு எதை எழுதணும், பத்தாம் இடத்திலும் பத்தலைன்னா என்ன செய்யணும், எப்போ நிறுத்தணும் என்று ஒரு படி விடாமல் எழுதி எனக்கு அனுப்பு. நான் கழித்தலே தெரியாத ரோபோவாக உட்கார்ந்து, நீ எழுதியதை மட்டும் அப்படியே செய்கிறேன். எந்தப் படியில் நின்றேன் என்று அடுத்த இதழில் உனக்குப் பதில் எழுதுகிறேன்.